வியட்நாம், 1964: 57வது மருத்துவ ஹெலிகாப்டர் பிரிவு. மாடலில் எதையெல்லாம் சரியாகக் காட்ட வேண்டும்?

ஒட்டுப்பசை:

எல்லோருக்கும் வணக்கம். 1/48 அளவில் யூஹெச்-1பி ஹூயி (அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்) மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். பெட்டிக்குள் இரண்டு டிகால் தாள்கள் (மாடல் மேல் ஒட்டுகிற அடையாளப் படங்கள்) இருந்தன. ஒன்று ராக்கெட்டும் இயந்திரத் துப்பாக்கியும் மாட்டிய தாக்குதல் வகைக்கு. இன்னொன்று வெள்ளைச் சதுரத்துக்குள் சிவப்புச் சிலுவை போட்ட மருத்துவ வகைக்கு. துப்பாக்கி வைத்ததைத்தான் செய்வதாக இருந்தேன். பத்து வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "ஆஸ்பத்திரி ஹெலிகாப்டரைச் செய்யுங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். சரி, அதையே செய்வோம் என்று முடிவு செய்தேன்.

அப்புறம்தான் சிக்கல். மருத்துவ வகை டிகால் அமெரிக்கத் தரைப்படையின் 57வது மருத்துவப் பிரிவுக்கு உரியது, இடம் வியட்நாமில் சோக் ட்ராங், ஆண்டு 1964 என்று குறிப்பில் இருக்கிறது. ஆனால் கதவோரத் துப்பாக்கிகளையும் சேர்த்து வைக்கலாம் என்று அதே குறிப்பு சொல்கிறது. சிவப்புச் சிலுவை போட்ட வண்டியில் துப்பாக்கி இருந்திருக்குமா? இந்தப் பிரிவிடம் மொத்தமே ஐந்து ஹெலிகாப்டர்தான் இருந்ததாம். அப்படிப்பட்ட சின்னப் பிரிவைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்? அமெரிக்கத் தரைப்படையில் இன்றைக்கும் மருத்துவ ஹெலிகாப்டரை "டஸ்ட்-ஆஃப்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுவும் இவர்களிடமிருந்து வந்த பெயர் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாடல் தப்பாகிவிடக் கூடாது என்பது ஒரு பக்கம். மகள் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பது இன்னொரு பக்கம்.

சுழலி:

முதலில் நேரடிப் பதில். 1964 சோக் ட்ராங் என்றால் யூஹெச்-1பி சரியான வகைதான். துப்பாக்கி வைக்காதீர்கள். சிலுவையைத் தைரியமாக ஒட்டுங்கள். மற்றபடி நான் எழுதப்போவதெல்லாம் இதற்கான காரணம்தான். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 18 வருடம் பெல் 212 ஹெலிகாப்டர்களில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். ஹூயியின் நேரடி வாரிசு அது. அதனால் இந்தப் பிரிவின் கதையை நான் எப்போதும் ஒரு உதிரிபாகத்திலிருந்துதான் தொடங்குவேன்.

1962 ஏப்ரலில் மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீட் முகாமிலிருந்து ஐந்து யூஹெச்-1ஏ ஹெலிகாப்டர்களோடு 57வது பிரிவு வியட்நாம் போய் இறங்கியது. அந்த நாட்டுக்குள் வந்த முதல் ஹூயிகள் அவைதான். படங்களில் நாம் பார்க்கிற, வரிசையாகப் படைவீரர்களைக் கொண்டுவந்து இறக்குகிற ஹூயிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இன்னொன்றையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். இந்த ஹெலிகாப்டர் பிறந்ததே காயம்பட்டவர்களைத் தூக்கத்தான். கொரியப் போரில் சின்ன பெல் ஹெச்-13 ஹெலிகாப்டரின் வெளிப்பக்கத்தில், சறுக்குக்கட்டைக்கு (சக்கரத்துக்குப் பதிலாகத் தரையில் ஊன்றுகிற நீளக் கம்பி) மேலே, ஸ்ட்ரெச்சரைக் கட்டித் தூக்கிப் போனார்கள். நோயாளி வெளியே கிடப்பார், உள்ளே இருப்பவர்களால் போகிற வழியில் அவரைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. நோயாளியை உள்ளேயே படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு மருத்துவ உதவியாளர் உட்கார்ந்து கவனிக்கிற மாதிரி ஹெலிகாப்டர் வேண்டும் என்று தரைப்படை கேட்டது. 1955ல் அதற்காகத் தயாரிப்பாளர்களிடையே நடந்த போட்டியில் பெல் நிறுவனம் ஜெயித்தது. முதல் மாதிரி 1956 அக்டோபர் 20 அன்று பறந்தது. ராக்கெட்டும் துப்பாக்கியும் அதன்மேல் பின்னால் ஏறியவை. உங்கள் மகள் தேர்ந்தெடுத்ததுதான் அசல்.

இப்போது உதிரிபாகம். பிரிவை நாட்ராங்கிலும் குவி நோனிலும் பிரித்து வைத்தார்கள். நாட்ராங்கில் 8வது கள மருத்துவமனை இருந்தது என்பது காரணம். ஆனால் சண்டை அதிகம் நடந்தது தெற்கே மேகோங் டெல்டாவில், அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அடிபட்டவர் ஒரு கோடியில், ஆம்புலன்ஸ் மறு கோடியில். அந்த ஆண்டுக் கடைசியில், டெல்டாவில் ஆயுதம் தாங்கிப் பறந்துகொண்டிருந்த ஹூயிகளுக்கு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் தட்டுப்பாடு வந்தது. இன்ஜினைக் கிளப்புவதும் அதுதான், கிளம்பிய பிறகு மின்சாரம் தருவதும் அதுதான். 57வது பிரிவிடம் இருக்கிறதே, கழற்றிக் கொடுங்கள் என்றார்கள். பிரிவின் தளபதி கேப்டன் ஜான் டெம்பரெல்லி வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. கழற்றிக் கொடுத்தார்கள். பிரிவு சில வாரங்களுக்குக் கிட்டத்தட்ட முழுதாகத் தரையில் உட்கார்ந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே ஒரு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் வராததால் நல்ல ஹெலிகாப்டர் ஒன்று ஒன்பது நாள் ஷெட்டில் நின்றது. அதைச் சுற்றி நடந்து, துடைத்து, மறுபடி துடைத்து, வேறு ஒன்றும் செய்ய வழியில்லாமல் இருந்தோம். எங்களுடையது கடலில் எண்ணெய் மேடைக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி, யாரும் சாகப் போவதில்லை. இவர்களுடையது அப்படியில்லை.

1963 ஜனவரியில் பிரிவைச் சைகோன் பக்கம் டான் சோன் நுட் தளத்துக்கு மாற்றினார்கள். மார்ச்சில் புது யூஹெச்-1பி ஐந்து வந்தன. பெயர் வந்த கதையும் அந்த ஆண்டுதான். அதுவரை அவர்களுக்கென்று நிலையான ரேடியோ அழைப்புப் பெயர் கிடையாது, காலியாக இருந்த அலைவரிசையில் பேசிச் சமாளித்தார்கள். டெம்பரெல்லிக்குப் பின் வந்த மேஜர் லாயிட் ஸ்பென்சர் சைகோனில் கடற்படை அலுவலகத்துக்குப் போய் அழைப்புப் பெயர்ப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். யாருக்கும் கொடுக்காமல் மிச்சம் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை சண்டைக்காரப் பெயர்கள். அவற்றுக்கு நடுவே "டஸ்ட்-ஆஃப்" இருந்தது. வறண்ட வயலில் ஹூயி இறங்கும்போது கிளம்புகிற புழுதியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் பிடித்தது என்று புரியும். பொதுவாக அழைப்புப் பெயர்களை எதிரி கண்டுபிடிக்காமல் இருக்க அவ்வப்போது மாற்றுவார்கள். இதை மாற்றவில்லை. இரவு இரண்டு மணிக்குக் காலில் குண்டுபட்டவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரேடியோவில் கத்துகிறவன் இந்த வாரம் என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டு இருக்க முடியாது.

இனி நீங்கள் கேட்ட சோக் ட்ராங். அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட மனிதர் மேஜர் சார்ல்ஸ் கெல்லி. 1964 ஜனவரியில் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். அப்போது மேலிடத்தில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பிரிகேடியர் ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல் தென் வியட்நாமில் அமெரிக்கத் தரைப்படையின் ஆதரவுப் படைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். சிவப்புச் சிலுவையை மாட்டவும் கழற்றவும் கூடிய பலகையாக்கிவிட்டால் தேவைப்படும்போது ஆம்புலன்ஸ், மற்ற நேரத்தில் சரக்கு வண்டி, ஆள் வண்டி என்று எல்லாவற்றுக்கும் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு வழக்கு பார்க்கிறவருக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். கெல்லி ஒரேயடியாக மறுத்தார். வண்டி சரக்கு ஏற்றப் போயிருக்கிற அரை மணி நேரத்தில்தான் அழைப்பு வரும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் விஷயத்தில் ஒருமுறை சூடு கண்ட பிரிவு அது.

மறுத்தால் மட்டும் போதாது, இந்த ஐந்து ஹெலிகாப்டரும் சும்மா நிற்கவில்லை என்று காட்டவும் வேண்டும். மார்ச் 1ஆம் தேதி இரண்டு ஹெலிகாப்டர்களைக் கூட்டிக்கொண்டு டெல்டாவுக்குள் சோக் ட்ராங்குக்கு நகர்ந்தார். அங்கிருந்து இரவில் ஒரு சுற்று பறப்பார். பாக் லியூ, கா மாவ் முனை, மேற்கே ராக் ஜா, கம்போடிய எல்லையோரத்து ஏழு மலைகள், திரும்பி வின் லாங், மறுபடி சோக் ட்ராங். ஏறக்குறைய 720 கிலோமீட்டர். ஒவ்வொரு காவல் முகாமுக்கு மேலும் போகும்போது ரேடியோவில் கூப்பிட்டு, அடிபட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார். இருந்தால் இறங்கி ஏற்றிக்கொள்வார். கீழே விளக்கு கிடையாது. நிலா இல்லாத நாளில் வயலும் வாய்க்காலும் ஒரே கறுப்பு. இரவில் எடுத்துப் போக யாரும் வரமாட்டார்கள் என்று அந்த முகாம்கள் பழகிப் போயிருந்தன. ஏற்றியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் கிடையாது, தென் வியட்நாம் வீரர்களும் ஊர் மக்களும்தான்.

ஜூலை 1, வின் லாங் பக்கம். காயம்பட்டவர்களை எடுக்கத் தரையை ஒட்டி வந்துவிட்டார். துப்பாக்கிச் சூடு பலமாக இருந்தது. கீழே இருந்த அமெரிக்க ஆலோசகர் திரும்பிப் போய்விடச் சொன்னார். உங்கள் காயம்பட்டவர்கள் என்னிடம் வந்த பிறகு போகிறேன் என்று கெல்லி அமைதியாகப் பதில் சொன்னார். திறந்திருந்த பக்கக் கதவு வழியாக வந்த ஒரே குண்டு நெஞ்சில் பாய்ந்தது. ஹெலிகாப்டர் சாய்ந்து விழுந்தது. அவருக்கு வயது 39.

அந்த மரணத்துக்குப் பிறகு கழற்றி மாட்டுகிற சிலுவை யோசனையை யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் உங்கள் டிகால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கதவில் அது பெயின்டாகவே நிலைத்து நின்றதற்கு ஒருவர் வாதாடியிருக்கிறார்.

துப்பாக்கி விஷயம்: விமானிகளும் உதவியாளர்களும் கைத்துப்பாக்கியோ ரைஃபிளோ வைத்திருந்தார்கள், தங்களையும் நோயாளியையும் காத்துக்கொள்ள. ஹெலிகாப்டரில் பொருத்திய இயந்திரத் துப்பாக்கி கிடையாது. டிகால் குறிப்பு எழுதியவர், பெயரில் மட்டும் குதிரை உள்ள, ஹெலிகாப்டரில் போய்ப் போரிட்ட முதல் குதிரைப்படை டிவிஷனின் மருத்துவ ஹெலிகாப்டர்களோடு குழப்பிக்கொண்டிருப்பார். அவர்கள் எம்-60 இயந்திரத் துப்பாக்கி வைத்துப் பறந்தார்கள், அவர்களுடைய அழைப்புப் பெயரும் "மெடிவாக்". அவர்கள் வந்தது 1965ல்.

இரவுப்பணி:

சுழலி அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் விபத்துப் பிரிவில் நர்ஸ். எங்கள் கட்டடத்துக்கு மேலே ஹெலிபேட் இருக்கிறது. சத்தம் கேட்டதும் கை தானாக கையுறையைத் தேடும்.

நான் சொல்ல வந்தது உள்ளே உட்கார்ந்திருந்த நாலாவது ஆளைப் பற்றி. இரண்டு விமானிகள், ஹெலிகாப்டரைப் பராமரிக்கிற ஒரு க்ரூ சீஃப், ஒரு மருத்துவ உதவியாளர், இதுதான் டஸ்ட்-ஆஃப் குழு. ஹெலிகாப்டர் தரையில் நிற்பது சில விநாடிகள்தான். அந்த விநாடிகளில் குதித்து, யாரை முதலில் ஏற்றுவது என்று முடிவு செய்து, ஏற்றி, மேலே கிளம்பிய பிறகு அதிர்கிற தரையில் முட்டி போட்டு ரத்தத்தை நிறுத்துவதும் மூச்சுக்குழாயைச் சரிபார்ப்பதும் அவர் வேலை. இன்ஜின் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப் உதவாது. கண்ணும் விரலும்தான். நகத்தின் நிறம், தோலின் குளிர்ச்சி, விரலுக்குக் கீழே நாடி. நான் நல்ல வெளிச்சத்தில், மானிட்டர் பக்கத்தில் இருக்க இதைச் செய்கிறேன். அப்படியும் கை நடுங்கிய நாட்கள் உண்டு.

புள்ளிவிவரத்தில் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் குழப்பியது. மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்ந்த பிறகு இறந்தவர்களின் விகிதம் இரண்டாம் உலகப் போரைவிடக் கொரியாவில் நன்றாகக் குறைந்தது. ஆனால் கொரியாவைவிட வியட்நாமில் குறையவில்லை, ஏறத்தாழ அதே அளவில் நின்றது. இவ்வளவு ஹெலிகாப்டர் இருந்தும் ஏன் என்று தோன்றும். காரணம், முன்பெல்லாம் வயலிலேயே இறந்துபோயிருப்பவர்கள் இப்போது மூச்சோடு வந்து சேர்ந்தார்கள். வயிறு கிழிந்தவர்கள், இரண்டு காலும் போனவர்கள். மருத்துவமனையின் கணக்கில் அவர்கள் "இறப்பு" என்று ஏறியிருக்கலாம். ஆனால் அவர்களில் பிழைத்தவர்களும் உண்டு, அந்த ஹெலிகாப்டர் இல்லாவிட்டால் அவர்கள் எந்த மருத்துவமனைக் கணக்கிலுமே வந்திருக்க மாட்டார்கள். எங்கள் வார்டில் ஆம்புலன்ஸ் சேவை வேகமானபோதும் இதே மாதிரி நடந்தது. மோசமான கேஸ்கள் அதிகமாகின. வேலை கெட்டுவிட்டதோ என்று ஒரு மாதம் எல்லோரும் பயந்தோம்.

ஒட்டுப்பசை சார், மாடலுக்குள் ஸ்ட்ரெச்சர் வைக்கிறீர்களா? உள்ளே அந்த நாலாவது ஆளையும் வையுங்கள்.

ஒட்டுப்பசை:

ரொம்ப நன்றி இருவருக்கும். இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. துப்பாக்கிப் பாகங்களை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட்டேன். மருத்துவ உதவியாளர் பொம்மை பெட்டியில் இல்லை, வேறு செட்டில் இருந்த ஒரு காலாட்படை வீரனை வெட்டி முட்டி போட வைக்க முயற்சி செய்கிறேன்.

இரண்டு சந்தேகம். சிலுவை எங்கெங்கே வர வேண்டும்? கதவுக்கும் மூக்குக்கும் டிகால் இருக்கிறது. கூரைக்கும் வேண்டுமா? அடுத்தது, மகள் கேட்டது: "சிலுவை இருந்தும் ஏன் அவரைச் சுட்டார்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

வரைகோடு:

உங்கள் மகளின் கேள்விக்கு நான் முயற்சி செய்கிறேன். சர்வதேசச் சட்டம் எனக்குப் பாடமாக இருந்தது, அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் தெரியும்.

1949 ஜெனீவா உடன்படிக்கைகளில் முதலாவதன் 36வது ஷரத்து மருத்துவ விமானங்களைப் பற்றியது. காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் கொண்டுபோவதற்கு மட்டுமே பயன்படுத்தப்படும் விமானத்தைத் தாக்கக் கூடாது என்கிறது. "மட்டுமே" என்ற சொல்லைக் கவனியுங்கள். கழற்றி மாட்டுகிற சிலுவையைக் கெல்லி எதிர்த்தது அரை மணி நேரத் தாமதத்துக்காக மட்டும் இருந்திருந்தாலும், இந்தச் சொல்லும் அவர் பக்கம்தான் நிற்கிறது. காலையில் தோட்டா ஏற்றிப் போன வண்டி மாலையில் சிலுவை மாட்டி வந்தால், கீழே இருப்பவன் அந்தச் சிலுவையை எதற்காக நம்ப வேண்டும்?

ஆனால் அதே ஷரத்தில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. எந்த உயரத்தில், எந்த நேரத்தில், எந்த வழியில் பறக்கும் என்று சண்டையிடும் இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. வயலுக்கு நடுவில், இரவில், சண்டை நடக்கும்போதே வந்து இறங்குகிற ஹெலிகாப்டருக்கு அப்படி ஒப்பந்தம் எப்படி இருக்கும்? விமானம் பாதுகாப்பான தூரத்துக்கு அப்பால் ஒழுங்காக வந்து போகும் என்று நினைத்து எழுதிய விதி அது. எழுதியபோது ஹெலிகாப்டர் இன்னும் குழந்தை. 1944 ஏப்ரலில் பர்மாவில் அமெரிக்க விமானி கார்ட்டர் ஹார்மன் சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரில் காட்டுக்குள்ளிருந்து நாலு பேரை மீட்டார். ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் அது தூக்கும். போரில் ஹெலிகாப்டர் மீட்பு என்பதன் ஆரம்பமே அது. ஐந்து வருடத்தில் சட்டம் அதைப் பிடித்திருக்க முடியாது.

சிலுவை எங்கே என்ற கேள்விக்கும் அதே ஷரத்தில் பதில் உண்டு. கீழ்ப்புறம், மேற்புறம், பக்கவாட்டு, மூன்றிலும் அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. இது விதி. 57வது பிரிவின் வண்டிகளில் என் கண்ணில் பட்ட படங்களில் மூக்கும் கதவுகளும்தான் தெளிவாகத் தெரிகின்றன, ஆகவே அந்த இரண்டிலும் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹோ சி மின் நகரத்தில் போர் எச்சங்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. முற்றத்தில் ஒரு ஹூயி நிற்கிறது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். உள்ளே போய் அந்த நாட்டு மக்களுக்கு என்னென்ன நடந்தது என்ற படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அதே ஹெலிகாப்டரை அதே கண்ணால் பார்க்க முடியாது. வயலில் நின்ற ஒரு விவசாயிக்குத் தூரத்தில் வருகிற அந்தச் சத்தம் ஆம்புலன்ஸா, படைவண்டியா, தாக்குதல் ஹெலிகாப்டரா என்று எப்படித் தெரியும்? இரட்டை இறக்கையின் சத்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கெல்லியைப் போன்றவர்களின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் ஏற்றிப் போனவர்களில் ஏராளமானோர் வியட்நாமியர்கள்: 1962 முதல் 1973 வரை தரைப்படை மருத்துவ ஹெலிகாப்டர்கள் தூக்கிய எட்டரை லட்சம் முதல் ஒன்பது லட்சம் பேரில் அமெரிக்கர்களும் தென் வியட்நாம் வீரர்களும் பொதுமக்களும் சேர்த்தி. ஆனால் அந்த நாட்டில் அவர்கள் ஏன் காயம்பட்டார்கள் என்ற கேள்வியும் அதே வயலில்தான் கிடக்கிறது. மகளிடம் இரண்டையும் சொல்லுங்கள். பத்து வயதுக்குப் புரியும்.

சுழலி:

வரைகோடு சொன்னதை முழுக்க ஏற்கிறேன். 36வது ஷரத்து விஷயம் எனக்கே புதிது.

கெல்லியோடு பிரிவின் கதை முடியவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். 1964 இறுதியில் சோக் ட்ராங்குக்கு 82வது மருத்துவப் பிரிவு வந்தது. 1965ல் 25 ஹெலிகாப்டர்களோடு 498வது மருத்துவ கம்பெனி. ஐந்தில் தொடங்கியது 1968ல் நாடு முழுக்க 116 ஆனது. ஒவ்வொரு புதுப் பிரிவுக்கும் 57வதிடம் கற்றவர்கள் யாராவது போனார்கள், அவர்களோடு கெல்லியின் பழக்கமும் போனது. அழைப்பு வந்தால் கிளம்பு, இரவா பகலா என்று பார்க்காதே, அடிபட்டவன் எந்த நாட்டுக்காரன் என்று பார்க்காதே.

அதில் முக்கியமானவர் பேட்ரிக் பிரேடி. கெல்லியின் கீழே 57வதில் பறந்தவர். இரண்டாவது முறை வந்தபோது சூ லாய் தளத்தில் 54வது மருத்துவப் பிரிவில் இருந்தார். 1968 ஜனவரி 6, பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் திருப்பி, இறக்கைக் காற்றால் மூட்டத்தை ஒதுக்கித் தள்ளி, அந்த இடைவெளியில் தரையைப் பார்த்தபடி ஒரு பாதையைப் பிடித்து மெதுவாக உள்ளே போனார். ஒரு டெக்னீஷியனாகச் சொல்கிறேன், கைக்குள் ஹெலிகாப்டர் முழுசாக அடங்கியிருந்தால்தான் அப்படிப் பக்கவாட்டில் ஓட்ட முடியும். அன்றைக்கு நாள் முழுக்க மூன்று ஹெலிகாப்டர்களை மாற்றி மாற்றி ஓட்டினார். ஒன்று குண்டு துளைத்து வீணாகும், அடுத்ததில் ஏறுவார். ஒரு இடத்தில் பக்கத்திலேயே கண்ணிவெடி வெடித்து அவர் குழுவில் இரண்டு பேருக்கு அடிபட்டது. மொத்தம் 51 பேரைத் தூக்கினார். மூன்று ஹெலிகாப்டர்களிலும் சேர்த்து நானூறுக்கு மேல் துளைகள். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது.

82வதில் மைக்கேல் நோவோசெல் என்று இன்னொருவர். இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். விமானப்படை ரிசர்வில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர், அந்தப் பதவியை விட்டுவிட்டு சாதாரண வாரண்ட் ஆபீசராக ஹெலிகாப்டர் ஓட்ட வந்தார். 1969 அக்டோபர் 2 அன்று, கம்போடிய எல்லைப் பக்கம், காவலுக்கு வேறு ஹெலிகாப்டர் இல்லாமல் மறுபடி மறுபடி இறங்கி 29 தென் வியட்நாம் வீரர்களைத் தூக்கினார். கடைசி ஆளை ஏற்றும்போது கிட்டத்திலிருந்து சுட்டதில் அடிபட்டு ஒரு கணம் கட்டுப்பாடு தவறியது, மறுபடி பிடித்துக்கொண்டு கிளம்பினார். அவருக்கும் அதே மெடல். அவர் மகனும் அதே பிரிவில் அதே வேலையாக வந்து சேர்ந்தார். ஒரு தடவை மகன் விழுந்தபோது அப்பா போய்த் தூக்கினார், சில நாளில் அப்பா விழுந்தபோது மகன் போய்த் தூக்கினார்.

இதற்கு விலை உண்டு. அந்த ஆண்டுகளில் தரைப்படையின் மருத்துவ ஹெலிகாப்டர் விமானிகளாக இருந்தவர்கள் ஏறக்குறைய 1,400 பேர். அவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார் அல்லது காயமடைந்தார். எதிரியின் குண்டில் விழுந்தவர்களைவிட இருட்டிலும் மோசமான வானிலையிலும் மலையிலோ மரத்திலோ மோதி இறந்தவர்கள் சற்றே அதிகம். இரவில் போகத் தயாராக இருந்தவர்களுக்குத்தான் அது நடந்தது. 1966ல் ஹாய்ஸ்ட் வந்தது, காட்டு மரங்களுக்கு மேல் நின்றபடியே கம்பியை இறக்கி ஆளைத் தூக்குகிற இயந்திரம். இறங்க இடமில்லாத காட்டில் அது வரப்பிரசாதம். ஆனால் ஹெலிகாப்டர் அசையாமல் நின்றாக வேண்டும், நகர முடியாது, குறி வைக்கிறவனுக்கு அவகாசம் கிடைக்கும். மற்ற மீட்புகளைவிட ஹாய்ஸ்ட் மீட்பில் ஹெலிகாப்டர் அடிபடும் வாய்ப்பு ஏழு மடங்கு. உங்கள் 1964 மாடலில் ஹாய்ஸ்ட் வேண்டாம், அது பின்னால் வந்தது.

57வது பிரிவு 1973 வரை அங்கேயே இருந்தது. முதலில் வந்த மருத்துவ ஹெலிகாப்டர் பிரிவும் அதுதான், கடைசியாகப் போனவற்றிலும் அது உண்டு. இந்தப் பிரிவு 1943ல் முதன்முதலில் உருவானபோது அதன் பெயர் 57வது மலேரியா தடுப்புப் பிரிவு என்பது எனக்கு எப்போதும் பிடித்த விவரம். கொசு ஒழிக்கத் தொடங்கிய பிரிவு.

ஒட்டுப்பசை:

சுழலி அண்ணா, வரைகோடு, இரவுப்பணி சிஸ்டர், மூவருக்கும் நன்றி. நேற்று இரவு மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் தூக்கிய இடத்தை மட்டும் மூன்று தடவை கேட்டாள். விவசாயியின் கேள்விக்கு அவளிடமும் பதில் இல்லை, "கீழே இருந்து பார்த்தா சிலுவை தெரியுமா?" என்று கேட்டாள். அதனால் வயிற்றுப் பக்கமும் ஒரு சிலுவை வெட்டி ஒட்டலாமா என்று யோசிக்கிறேன். படத்தில் இல்லாததை ஒட்டுவதில் தயக்கமும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பெயின்ட் முடிந்தது, இனி அழுக்கு காட்ட வேண்டும். எங்கே, எவ்வளவு?

சுழலி:

வயிற்றுப் பக்கம் ஒட்டாதீர்கள். படத்தில் பார்த்ததை மட்டும் வைத்தால் மாடல் நிற்கும். அவளுடைய கேள்விக்கு மாடலில் விடை தேட வேண்டாம்.

அழுக்கைப் பற்றி: இன்ஜின் புகைபோக்கிக்குப் பின்னால், வால் தண்டின் மேற்புறம் கருப்புப் புகை படியும். அங்கே தாராளமாகக் காட்டலாம், பின்னால் போகப் போக மெலிய வேண்டும். கதவுக்குக் கீழே, ஸ்ட்ரெச்சர் உரசி ஏறி இறங்குகிற விளிம்பில், பெயின்ட் தேய்ந்து அலுமினியம் தெரியட்டும். முன் கண்ணாடியைச் சுத்தமாக வையுங்கள், எந்த க்ரூ சீஃபும் அதை அழுக்காக விடமாட்டார். வெள்ளைச் சதுரங்களையும் ரொம்ப அழுக்காக்காதீர்கள், அதைத் துடைக்காமல் விட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள். சோக் ட்ராங்குக்கு வந்து இறங்கிய மார்ச் என்றால் வறண்ட காலம், சறுக்குக்கட்டையிலும் வயிற்றிலும் வெளிறிய புழுதி. ஜூன் கடைசி என்றால் டெல்டாவில் மழை, கதவு மட்டம் வரை சேற்றுத் துளிகள், சறுக்குக்கட்டையில் நாற்றுத் துணுக்குகூட ஒட்டியிருக்கும். இரண்டில் எதுவானாலும் பக்கக் கதவைத் திறந்தே வையுங்கள்.